பிள்ளையின் உறக்கத்துக்குள் போன நரி

மார்பு வாயிலிருந்து நழுவியதும் பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டது. சூரியன் பனை உயரம்கூட ஏறவில்லை. அதற்குள் இது ஐந்தாவது முறை. சடைச்சி ஒரு கையைத் தரையில் ஊன்றி, பாதி எழுந்தும் எழாமலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கூரைமேல் இருந்த ஓணானுக்கும் தெரியும். முள்வேலிக்கு வெளியே மூன்று நாளாகப் படுத்துக்கிடந்த நரிக்கும் தெரியும். அவன் முன்கூட்டியே காதை மடக்கிக்கொண்டான். மடக்குவதற்கு ஒரு காதுதான் இருந்தது. இன்னொன்றை ஒரு நாய் எப்போதோ கிழித்துவிட்டது. அதனால் அவனுக்கு ஒற்றைக்காதன் என்று பெயர்.

பிள்ளை வீரிட்டது. சடைச்சி மறுபடியும் படுத்தாள். மார்பு வாய்க்குப் போனதும் சத்தம் நின்றது.

அந்தக் காலத்தில் மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் பேச்சு ஒன்றுதான். பேச்சு ஒன்று என்பதால் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிளி கம்பைத் தின்றது. நரி கோழியைத் தின்றது. மனிதர்கள் கல்லெடுத்து எறிந்தார்கள். திட்டினால் பதிலுக்குத் திட்டு வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது பிள்ளைகள் எல்லாமே பால் குடித்தபடிதான் தூங்கும். வேறு எப்படியும் தூங்காது. வாயில் மார்பு இருக்கிறவரை தூக்கம், நழுவினால் முழிப்பு. ஒரு கண்ணிமைப்பு நேரம்கூட அவகாசம் கிடையாது. பல் முளைத்து, நடை பழகி, கூழ் குடிக்கிறவரை பெற்றவள் பாயைவிட்டு எழ முடியாது. தூங்குகிற பிள்ளையின் முகம் கழுவி வைத்த கூழாங்கல்லைப் போல இருக்கும். அதில் சிரிப்பும் வராது, அழுகையும் வராது. இதெல்லாம் ஏன் இப்படி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கிறவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கிறவர்களுக்குக் கேட்க நேரமில்லை.

சடைச்சிக்கு மட்டும் அந்த வருஷம் படுத்தே கிடக்க வழியில்லாமல் போனது. குடிசைக்குப் பின்னால் கம்பு விளைந்து நின்றது. கதிர் முற்றி, தலை சாய்ந்து, தொட்டால் உதிரும் பதம். அந்த வாசனை கிளிகளுக்கு எட்டிவிட்டது. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மேற்கே வானமும் தினம் ஒருமுறை கறுத்துக் காட்டியது. மழை இறங்கினால் மிச்சமும் மண்ணோடு போகும். கம்பு போனால் கூழ் இல்லை. கூழ் இல்லையென்றால் அவள் மார்பில் பால் இல்லை. ஏற்கெனவே வற்றத் தொடங்கியிருந்தது. பிள்ளை முன்பைவிட அதிக நேரம் இழுக்க வேண்டியிருந்தது. சடைச்சிக்கு அது நன்றாகவே தெரிந்தது.

அறுவடைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் பரணில் நின்று கவணில் கல் வைத்துக் கிளியை விரட்ட வேண்டும், ஒருத்தர் கதிர் அறுக்க வேண்டும். அவள் புருஷன் விருமன் ஒற்றை ஆளாக இரண்டையும் செய்துகொண்டிருந்தான். பரணில் ஏறினால் அறுவடை நின்றது. அருவாளை எடுத்தால் கிளி இறங்கியது. ஏறுவதும் இறங்குவதுமாகவே அவன் முழங்கால் போய்விட்டது.

அன்று காலையும் அவன் வாசலில் வந்து நின்று, பாதிக் கம்பங்காட்டைக் கிளி தின்றுவிட்டது என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப நீ வந்து பாலைக் குடுய்யா. நான் போய் அறுக்கிறேன்."

அதையும் அவன் செய்து பார்த்துவிட்டான், பாவம். கருப்பட்டித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிள்ளை வாயில் வைத்தான். துப்பியது. தோளில் போட்டுக்கொண்டு மாட்டைக் காட்டினான், ஆட்டைக் காட்டினான். வேடிக்கை பார்த்துவிட்டு அழுதது. கடைசியில் அவள் சேலையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் படுத்துத் தன் மார்பையே கொடுத்தான். பிள்ளை ஒரு கணம் ஏமாந்தது. பிறகு கையில் சிக்கிய நெஞ்சுமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தியது. வேலிக்கு வெளியே படுத்திருந்த ஒற்றைக்காதன் சிரிப்பை அடக்க மண்ணைக் கடித்தான்.

அவன் அங்கே வந்ததென்னவோ கோழிக்குத்தான். சடைச்சியிடம் ஒரு சிவப்புக் கோழி இருந்தது. அவள் காட்டுக்குப் போனதும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று வந்து படுத்தான். அவள் போகவே இல்லை. முதல் நாள் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் பசித்தது. மூன்றாம் நாள் அவன் கண்ணில் ஒன்று பட்டது. அதைப் பார்த்த பிறகு கோழி ஞாபகமே போய்விட்டது.

பிள்ளையின் தொண்டை அசையவில்லை.

அவன் கழுத்தை நீட்டி, வேலி இடுக்கில் மூக்கை வைத்து உற்றுப் பார்த்தான். வாய் மார்பில் இருந்தது. கன்னம் எப்போதாவது ஒருமுறை லேசாக இழுத்தது. ஆனால் விழுங்கவில்லை. வயிறு நிறைந்து கடைவாயில் பால் வழிகிறது. பசி இல்லை. அப்புறம் எதற்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? பசிக்கு இல்லையென்றால் வேறு எதற்கு?

நரிகளுக்கு ஒரு விஷயம் விளங்காவிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். ஒற்றைக்காதனுக்கு வால்வரை அரித்தது. எழுந்து ஓடைப்பக்கம் இலுப்பை மரத்தடிக்குப் போனான். அங்கே ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் மார்பில் குட்டி ஒட்டிக்கொண்டு இருந்தது. அவள் பறந்தாலும் அது விடாது.

உன் குட்டி ஏன் வாயை எடுப்பதே இல்லை என்று கேட்டான். எடுத்தால் விழுந்துவிடும் என்றாள். பகலில் எழுப்பியதற்கு அவளுக்குக் கோபம்.

"உன் குட்டி மரத்துல தொங்குது, விழும். சரி. அந்தச் சடைச்சி பிள்ளை தரையில பாய்ல படுத்திருக்கு. அது எங்க விழும்?"

வௌவால் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"உறக்கத்துக்குள்ள விழும். அங்க பிடிக்க ஒண்ணுமே கிடையாது. உனக்கு ஞாபகம் இல்ல, எனக்கும் இல்ல. குட்டிங்களுக்குத்தான் தெரியும். போ, என்னைத் தூங்க விடு."

அவன் போகவில்லை. உறக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டான். ஒன்றும் இல்லை, அதுதான் பயம் என்றாள். யாராவது போய்ப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டான். அவள் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் யோசித்தான். கிணற்றில் இறங்குகிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். பாதியில் கயிற்றை உருவினால் கத்தத்தானே செய்வான். பிள்ளைக்கு அந்த மார்புதான் கயிறு. அப்படியென்றால் உள்ளே ஏற்கெனவே ஒருத்தன் நின்று தாங்கிக்கொண்டால் கயிறு எதற்கு?

நேராக வேலியைத் தாண்டி வாசலில் போய் உட்கார்ந்தான். சடைச்சி படுத்தபடியே அருவாளை எடுத்துவிட்டாள்.

"கோழிக்குத்தானே வந்தே?"

"கோழிக்குத்தான் தாயி வந்தேன். இப்ப வேண்டாம்."

"அதை நான் நம்பணுமா?"

"நம்பாதே. கோழியைப் பிடிச்சுக் கூடையில கவுத்து மேல கல்லை வையி. அப்புறம் பேசு."

இந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது. விருமனைக் கூப்பிட்டுக் கோழியைக் கவிழ்க்கச் சொன்னாள். ஒற்றைக்காதன் தான் பார்த்ததையும் வௌவால் சொன்னதையும் சொன்னான். பிள்ளையின் உறக்கத்துக்குள் தான் போய் நிற்பதாகவும், அவள் எழுந்து காட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னான். விருமனுக்கு முகம் வெளுத்தது. நரியைக் கோழிக்கூட்டுக்கே காவல் வைக்க மாட்டோம், பிள்ளை உறக்கத்துக்குக் காவல் வைப்போமா என்றான். சடைச்சி அவனைப் பேசாமலிருக்கச் சொன்னாள்.

"உனக்கு என்ன வேணும்?"

"பார்க்கணும்."

"பார்த்து?"

"பார்த்தா போதும். உள்ள என்ன இருக்குன்னு தெரியலேன்னா எனக்குச் சோறு இறங்காது."

அவன் கோழியைக் கேட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் கேட்காதவனை எதைக் காட்டி மிரட்டுவது? ஆனால் காட்டுப்பக்கம் கிளிச்சத்தம் கேட்டது. அவள் பிள்ளையைப் பார்த்தாள், தன் மார்பைப் பார்த்தாள், மேற்கே பார்த்தாள்.

"நான் திரும்பி வந்து பிள்ளை வாயில பாலை வச்சதும் நீ வெளிய வந்துடணும். கொஞ்ச நேரம் இருந்துக்கட்டுமான்னு கேக்கக் கூடாது. உள்ள இருந்துகிட்டு ஏதாவது பண்ணினே, தோலை உரிச்சுப் பரண்ல காயப்போட்டுருவேன்."

"வேற எதுக்கு நான் அங்க இருக்கப்போறேன்?" என்றான் ஒற்றைக்காதன். அப்போது அவன் உண்மையைத்தான் சொன்னான்.

அந்தக் காலத்து நரிக்கு இப்போதிருக்கிற உடம்பு இல்லை. எலிவளை, கதவிடுக்கு, வேலியில் ஒரு விரல் ஓட்டை, எதில் வேண்டுமானாலும் நுழைவான். பிள்ளைக்குக் கண் சொக்கியது. இமை மூடியும் மூடாமலும் நடுவில் நூலளவு வெள்ளை தெரிந்தது. அந்த நேரத்துக்குக் காத்திருந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, அந்த நூலளவு சந்தில் உள்ளே போய்விட்டான்.

உள்ளே சரிவாக இருந்தது. ஏரிக்கரையின் சரிவைப் போல, ஆனால் கரையும் இல்லை, ஏரியும் இல்லை. எங்கும் வெள்ளை. ஒரு புல் இல்லை, கல் இல்லை, சத்தம் இல்லை. நரி நகத்தைச் சரிவில் ஊன்றிக்கொண்டான். மேலே பார்த்தான். பிள்ளை சரிவில் மல்லாந்து கிடந்தது. அதன் வாயிலிருந்து பால்நிறத்தில் ஓர் இழை மேலே போய்க்கொண்டிருந்தது. அந்த ஓர் இழையில்தான் அது தொங்கிக்கொண்டிருந்தது.

இழை அறுந்தது. வெளியே சடைச்சி மார்பை உருவியிருக்கிறாள்.

பிள்ளை சறுக்கத் தொடங்கியது. வாயைத் திறந்தது. ஒற்றைக்காதன் பாய்ந்து போய்க் குறுக்கே படுத்து முதுகைக் கொடுத்தான். இரண்டு சின்னக் குதிகால்கள் அவன் விலாவில் வந்து முட்டி நின்றன. பிள்ளை விரலை விரித்து அவன் மயிரைப் பிடித்தது. பிறகு அவனைப் பார்த்தது.

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளையிடம் என்ன பேசுவார்கள்? மூன்று நாளாகப் புதருக்குள் கிடந்ததில் அவன் கழுத்து மயிரில் ஓர் ஆவாரம்பூ சிக்கியிருந்தது. அதைப் பல்லால் உருவியெடுத்து, வாயில் கவ்வி, இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

பிள்ளை சிரித்தது.

நரியைப் பார்த்தால் நாய் குரைக்கும், கோழி அலறும், மனிதன் கல்லைத் தேடுவான். நரியைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை. ஒற்றைக்காதன் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. மறுபடி பூவை ஆட்டினான். மறுபடி சிரித்தது.

வெளியே சடைச்சி பாயருகே உறைந்து நின்றாள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. வாயில் மார்பு இல்லை. ஆனாலும் தூங்கியது. அதன் உதட்டோரம் மெதுவாக விரிந்து, கன்னத்தில் குழி விழுந்தது. தூங்குகிற பிள்ளை சிரித்து அவள் பார்த்ததே இல்லை. யாருமே பார்த்ததில்லை. விருமன் எட்டிப் பார்த்துவிட்டு, நரி என்னவோ காட்டுகிறான் என்று கிசுகிசுத்தான். அவள் பிள்ளையைத் தூக்கித் தூளியில் போட்டாள். முதுகை நிமிர்த்தினாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அந்த முதுகு நேராக நின்றது. அருவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினாள்.

அன்று புருஷன் பரணில் நிற்க, அவள் கதிர் அறுத்தாள். கிளிகள் இறங்கப் பார்த்துத் தோற்றுப் போயின. மார்பு கட்டி வலிக்கத் தொடங்கியதும் திரும்பி வந்து பிள்ளையை எடுத்து வாயில் வைத்தாள். உள்ளே பால் வாசனை வந்தது. இழை கீழே இறங்கியது. பிள்ளை பூவை மறந்து, ஒற்றைக்காதனை மறந்து, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. அவன் சொன்ன சொல் தவறாமல் வெளியே வந்து வாசலில் குதித்தான்.

"என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல," என்றான். "நாளைக்கும் வர்றேன்."

ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்க்க எதற்கு மறுபடியும் வருகிறாய் என்று விருமன் கேட்டான். அதற்குள் அவன் வேலியைத் தாண்டிவிட்டான். கூட்டத்துக்குத் திரும்பியபோது அண்ணன் தம்பிகள் அவனை மோந்து பார்த்துவிட்டுக் கேலி செய்தார்கள். "என்னடா, உடம்பெல்லாம் பால் நாத்தம். எப்படா பெத்தே?" என்றான் மூத்தவன். மற்றவர்கள் விழுந்து புரண்டு சிரித்தார்கள். ஒற்றைக்காதன் தள்ளிப் போய்ப் படுத்தான். போகிற வழியில் இன்னும் ஒரு கொத்து ஆவாரம்பூ பறித்துக் கழுத்து மயிரில் செருகிக்கொண்டான்.

இரண்டாம் நாள் வந்தான், மூன்றாம் நாள் வந்தான். உள்ளே அவன் புதிதாக ஒன்று கண்டுபிடித்தான். பெரியவர்களின் உறக்கத்துக்கு வரப்பு உண்டு. அவரவர் உறக்கம் அவரவருக்கு. பிள்ளைகளின் உறக்கத்துக்கு வரப்பே கிடையாது. சரிவில் கொஞ்ச தூரம் நடந்தால் பக்கத்து ஊர்ப் பிள்ளை கிடந்தது. அதையும் தாண்டிப் போனால் கடற்கரை ஊர்ப் பிள்ளை, மலையூர்ப் பிள்ளை. எல்லாம் ஒரே சரிவில், ஆளுக்கு ஓர் இழையில் தொங்கின. இழை அறுந்து சறுக்கிய ஒன்றுக்கு அவன் முதுகைக் கொடுத்துப் பூவைக் காட்டினான். அதுவும் சிரித்தது. அந்த ஊர்த் தாய் என்ன நினைத்தாளோ, தெரியாது.

ஆனால் ஒன்று அவனுக்கு உறுத்தத் தொடங்கியது. எவ்வளவு நேரம் சிரித்தாலும், எத்தனை பூ காட்டினாலும், பால் வாசனை வந்தால் முடிந்தது. ஒற்றைக்காதன் என்று ஒருத்தன் அங்கே நிற்பதே பிள்ளைக்கு மறந்துபோகும். முதுகைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடும். முதல் நாள் அது அவனுக்குப் படவேயில்லை. நாலாம் நாள் வெளியே வரும்போது தாமதித்தான். சடைச்சி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன ஒற்றைக்காதா, வழி தெரியலையா?"

கால் மரத்துவிட்டது என்று பொய் சொன்னான்.

ஐந்தாம் நாள் ஒரு துண்டு நிலம்தான் மிச்சம். மேற்கே மேகம் கட்டி நின்றது. சடைச்சி அருவாளை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள்:

"இன்னியோட அறுப்பு முடிஞ்சுது. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். நல்லது செஞ்சிருக்கே, அதை மறக்க மாட்டேன். சாயங்காலம் அந்தச் சிவப்புக் கோழியை எடுத்துட்டுப் போ. நானே புடிச்சுத் தர்றேன்."

மூன்று நாள் பட்டினி கிடந்து காத்திருந்த கோழி. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையாட்டிவிட்டு, இமைச்சந்து வழியாக உள்ளே போனான்.

அன்று பிள்ளை அவனைப் பார்த்ததும், பூ காட்டுவதற்கு முன்னாலேயே சிரித்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. அவன் பல்லில் பூவைக் கவ்வியபடி நின்றான். ஆட்டக்கூட இல்லை. பூ இல்லாவிட்டாலும் இது சிரிக்கும், தன்னைப் பார்த்தாலே சிரிக்கும் என்று தெரிந்துபோனது. அப்படித் தெரிந்த நாளே கடைசி நாள். அவன் பிள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தான். வாலைக் கொடுத்தான், அது பிடித்து இழுத்தது. இருந்த ஒரு காதையும் கொடுத்தான், அது வாயில் வைத்துச் சப்பியது.

வெளியே கடைசிக் கதிரும் களத்துக்கு வந்துவிட்டது. விருமன் ஓலையைப் போட்டு மூடினான். முதல் தூறல் விழுந்தபோது சடைச்சி வீட்டுக்குள் ஓடி வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டாள்.

உள்ளே பால் வாசனை வந்தது.

பிள்ளை அவன் காதை விட்டது. தலையைத் தூக்கியது. மூக்கு விரிந்தது. எப்போதும்போல அந்தப் பக்கம் திரும்பப் போனது.

"உங்க அம்மா வரல," என்றான் ஒற்றைக்காதன். "அவ போயிட்டா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே தான் சொன்னது கேட்டது. பிள்ளை அசையாமல் கிடந்தது. அதன் கீழுதடு மெதுவாக வெளியே வந்தது. முகம் சுருங்கியது. தூக்கம் கலையாமலே, ஒரு விம்மல் விம்மியது. அப்படி ஓர் அழுகையை அவன் கேட்டதில்லை. பசிக்கு அழுகிற அழுகை இல்லை அது. அவன் பதறிப்போய்ப் பூவை எடுத்து ஆட்டினான். "இல்ல, இல்ல, வந்துட்டா, இந்தா வந்துட்டா" என்றான். பிள்ளை பூவைப் பார்த்தது. கொஞ்சம் சிரித்தது. ஆனால் முன்பு சிரித்ததைப் போல இல்லை. சிரித்துக்கொண்டே, இல்லாத மார்பைத் தேடி வெறும் வாயைச் சப்புக்கொட்டியது.

சடைச்சி இதையெல்லாம் மடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு, விம்மல், சிரிப்பு, வெறும்வாய்ச் சப்பல். ஒரு மூச்சுக்குள் எல்லாம் வந்து போயின.

"அவன் ஏதோ சொல்லியிருக்கான்," என்றாள்.

மார்பை எடுத்து வாயில் வைத்தாள். பிள்ளை கவ்வியது. அதுவரை பிள்ளைகள் பால் குடிக்கும்போது கையைத் தொங்கவிட்டிருக்கும். இது கையைத் தூக்கி அவள் தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விரலைப் பிரித்தால் மறுபடியும் பிடித்தது. அம்மா போகக்கூடியவள் என்று அதற்கு இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததை எப்படித் திரும்ப எடுப்பது?

சடைச்சி குனிந்து, பிள்ளையின் இமைச்சந்தில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"ஒற்றைக்காதா. பால் வாயில இருக்கு. வெளிய வா."

ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழுந்தது. அவன் சரிவில் படுத்து, இருந்த ஒரு காதை மடக்கிக்கொண்டான்.

பிள்ளையைத் தட்டி எழுப்பு, தானாக வந்து விழுவான் என்றான் விருமன். அவளுக்கு மனசில்லை. இருந்தாலும் தட்டினாள். பிள்ளை விழித்து அழுதது. நரி விழவில்லை. வரப்பில்லாத இடமாயிற்றே. அடுத்த ஊர்ப் பிள்ளையின் பக்கம் நடந்து போயிருந்தான். அங்கே அந்த நேரம் ஒரு தாய், தூங்குகிற தன் பிள்ளை எதற்குச் சிரிக்கிறது, எதற்கு உதட்டைப் பிதுக்குகிறது என்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை வெளுத்து வாங்கியது. களத்தில் கம்பு நனையவில்லை. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் கூழுக்குக் குறைவில்லை. சடைச்சிக்குப் பாலும் ஊறியது. அதனால் அவளால் அவனை முழுதாகச் சபிக்கவும் முடியவில்லை. கதிர் அறுத்த அருவாளைக் கொண்டுவந்து பிள்ளையின் தலைமாட்டில் வைத்தாள். நரி இந்தப் பக்கம் திரும்பி வந்தால், இரும்பைப் பார்த்தாவது கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் மூடிக்கொண்டும் இருந்தான். சாயங்காலம் சிவப்புக் கோழியைப் பிடித்து வாசலில் கட்டி வைத்தாள். வாசனைக்காவது வருவான் என்று பார்த்தாள். விடிந்தும் கோழி கட்டிய இடத்திலேயே நின்றது.

இருட்டும் வேளையில் அவன் அண்ணன் தம்பிகள் ஊர் எல்லைவரை வந்து, தலையைத் தூக்கி, எங்கடா இருக்கே என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். இன்னும் கூப்பிடுகிறார்கள். பேச்சு மறந்துபோய் இப்போது ஊளை மட்டும்தான் மிச்சம்.

அந்த ஐந்தாம் நாளிலிருந்துதான், பால் குடித்தபடி தூங்கிப்போன பிள்ளையைக் கீழே கிடத்தினால் ஒரு கட்டுக் கதிர் அறுக்கிற நேரம் தூங்குகிறது. நரி பூ காட்டும்போது சிரிக்கிறது, அம்மா போய்விட்டாள் என்று அவன் சொல்லும்போது விம்முகிறது, வெறும் வாயைச் சப்புகிறது, பிறகு வீரிட்டு எழுந்து, மார்பும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறோ விரலோ சேலைத்தலைப்போ கிடைத்தால் மட்டும்தான் மறுபடி கண்ணை மூடுகிறது. சடைச்சி அவனிடம் சொன்னது ஒரே ஒரு காரியம்தான். பால் வாயில் பட்டதும் வெளியே வந்துவிட வேண்டும். அவன் வரவில்லை.